யானை எதுவும் வரவில்லை, ரத்னா

அந்தச் செய்தி வந்தபோது நான் என் வலது காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி. கட்டிலில் உட்கார்ந்து, குதிகாலுக்குக் கீழே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே இழு, வெளியே விடு, பத்து முறை. ஒன்றரை வருடமாகச் சூரியன் உதிப்பதும் நான் கால் மடக்குவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன. யார் யாரைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்கிறார்கள் என்பதைச் சூரியனிடம்தான் கேட்க வேண்டும். ஏழாவது முறை மடக்கும்போது என் வீட்டம்மாவின் போன் அடித்தது. "ஆங்... எப்ப?... செரி" என்று மூன்றே சொல் பேசினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால் பொங்காத அடுப்பை அவள் அணைத்து நான் பார்த்ததில்லை.

"நம்ம ரத்னா போயிருச்சுங்க," என்றாள்.

மடக்கிய கால் மடக்கியபடியே நின்றது. மீதி மூன்றை நான் அன்று எண்ணவில்லை.

பாப்பாரப்பட்டியிலும் ஏரியூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கை, கால், இடுப்பு என்று எதையாவது முறித்துக்கொண்ட பெருமக்களுக்கு ரத்னாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வீடு வீடாக வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பட்டத்தை உச்சரித்து முடிப்பதற்குள் எலும்பு தானாகக் கூடிவிடும் என்பதால் நாங்கள் எல்லோரும் "மடக்கம்மா" என்றே சொன்னோம். எந்த வீட்டு வாசலில் நுழைந்தாலும் அவருடைய முதல் சொல் "மடக்குங்க" என்பதுதான். நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. தோளில் ஒரு பை, அதற்குள் மணல் மூட்டை ஒன்று, கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று. எங்கே போனாலும் சத்தமில்லாத ஒரு மின்சார ஸ்கூட்டரில்தான் வருவார்.

தன் வயிற்றில் ஒரு நோய் இருப்பதை அவர் நம்மில் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை வந்தவர், வாரத்துக்கு ஒரு முறை வந்தார். "பேட்டரி நிக்கமாட்டேங்குதுங்க" என்றார். நாமும் நம்பினோம். எனக்குத் தெரிந்து ரத்னா சொன்ன ஒரே பொய் அதுதான்.

நான் சொன்ன பொய் அப்படிப்பட்டதல்ல. அது கொழுத்த பொய், ஊரே உண்டு பசியாறிய பொய். அதைத் திருத்தும்படி ரத்னா என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. அவர் உயிரோடு இருந்தவரை நான் அதைச் செய்யவில்லை.

நான் விழுந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க நான் விடவில்லை. தை மாதத்து மாலை, பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து என் புது மின்சார வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒற்றை யானை. சாதாரண யானை இல்லை, அதன் நிழலிலேயே இரண்டு பஸ்களை நிறுத்தலாம். நான் வண்டியை ஒடித்துத் திருப்ப, அது தும்பிக்கையை வீச, தலையில் ஹெல்மெட் கம்பீரமாக மாட்டியிருந்தும், அந்த ஹெல்மெட்டையே இரண்டாகப் பிளந்துகொண்டு இறங்கியது அடி. முழங்கால் சிப்பி மூன்று துண்டு. மண்டையில் எழுபது தையல். மருத்துவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவுக்கும் உயிரோடு இருப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். இதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. எனக்கே இரண்டு முறை கலங்கியது.

தையல் ஏழு. மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

ரத்னா முதல் நாள் வந்தபோது நான் ராஜ மரியாதையை எதிர்பார்த்துக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மணல் மூட்டையை எடுத்து வெளியே வைத்தார். "மடக்குங்கண்ணா. பத்து தடவ," என்றார்.

நானே எண்ணினேன். "ஒன்னு, ரெண்டு, மூணு, ஆறு, ஒம்பது, பத்து. முடிஞ்சுதும்மா."

"நாலும் அஞ்சும் எங்கண்ணா போச்சு?"

"அதுங்க சந்தைக்குப் போயிருக்குது. ஏழும் எட்டும் தொணைக்குப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. "செரி. இனிமே நான் எண்றேன். எங்க வூட்டுல பேசற கன்னடத்துலதான் எண்ணுவேன். எதத் தாண்டலாம்னு உங்களுக்குத் தெரியக் கூடாது," என்றார். ஒந்து, எரடு, மூரு என்று ஆரம்பித்தார். நாலைத் தாண்டுவதற்கு வழியே இல்லை. ஐந்தாவது மடக்கில் நான் போட்ட அலறலில் வத்தல்மலையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ரத்னா மட்டும் நிமிரவில்லை. "வலி குத்துனா நிறுத்துங்க. பயம் குத்துனா நிறுத்தாதீங்க," என்றார். அந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது.

எனக்கு ஒரு கெடு இருந்தது. என் தங்கை மகளுக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. ஆகவே அவள் பெற்ற பெண் குழந்தைக்குக் காது குத்தும்போது உட்கார வேண்டிய மடி என் மடிதான். முனியப்பன் கோயிலில் ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காது குத்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அந்த மடியில் குழந்தை உட்கார வேண்டும். என் முழங்காலோ கம்பி கட்டிய கதவு மாதிரிப் பாதியில் நின்றது.

"ஆவணிக்குள்ள மடங்குமா?" என்று கேட்டேன்.

சட்டத்தை வைத்து அளந்தார். "டாக்டர் சரின்னு சொன்னா மடக்கிடலாம். நீங்க ஏமாத்தாம இருந்தா."

"பாப்பாவுக்காக நான் ஏமாத்த மாட்டேன்."

"பாப்பாவுக்காக வேணாம். எனக்காக ஏமாத்தாம இருங்க, போதும்."

அந்த நாட்களில் கால்தான் என் கவலை என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. ஒரு நாள் மத்தியானம் வீட்டம்மாவிடம் சட்னிக்கு ஒன்று கேட்டேன். அதன் பெயர் வரவில்லை. "அதாண்டி, உருண்டையா இருக்குமே, உள்ள தண்ணி இருக்குமே" என்று கையை ஆட்டினேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் பிழைப்பே வாய்தான். இந்த வட்டாரத்தில் எந்தப் பந்தலிலும் என் வாய் போன பிறகுதான் உடம்பு போகும். அந்த வாயில் ஒரு தேங்காய் இல்லாமல் போய்விட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ரத்னா வந்தபோது என் முதுகைத்தான் பார்த்தார். என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் மணல் மூட்டையை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தலைக்குள்ள அடிபட்டா சில சொல்லு ஒளிஞ்சுக்கும்ணா. தொரத்தாதீங்க. தொரத்துனா இன்னும் உள்ள போயிரும். ஆனா இத டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. நாளைக்கே போயிக் காட்டணும். அவரு சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை என் வீட்டம்மா கையில் கொடுத்தார். அன்று பயிற்சி இல்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் அடுத்துப் போக வேண்டிய வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்து, "கொஞ்சம் லேட்டாகும்ங்க, இங்க ஒரு முக்கியமான வேல," என்றார். என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்த முக்கியமான வேலை.

மூன்றாம் நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "தேங்காய்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. ரத்னாவுக்குப் போன் போட்டு அந்த ஒரே சொல்லைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

என் பொய்யை அவர் கண்டுபிடித்தது அதற்கடுத்த வாரம். பயிற்சி முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

"அண்ணா, இதத்தான யானை ரெண்டாப் பொளந்துச்சு?"

"அது... ஒட்ட வெச்சுட்டோம்மா."

"ஒரு கீறல்கூட இல்லியே."

நான் உள்ளே பார்த்தேன். வீட்டம்மா அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றாள். பதினான்கு உலகங்களும் என் பதிலுக்காகக் காத்திருந்தன. அவர் ஹெல்மெட்டைத் தன் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது.

"இவ்ளோ பெருசு எதுக்குண்ணா வாங்குனீங்க?"

சொன்னேன். முதல் முதலாக முழுதாக, கூட்டாமல் சொன்னேன். தலையில் துண்டை உருமால் கட்டிக்கொள்ளாமல் நான் வெளியே போவதில்லை. ஹெல்மெட் வாங்கவும் உருமாலோடுதான் போனேன், அதன் மேலேயே மாட்டி அளவு பார்த்து வாங்கினேன். வேர்வைக்குத் துண்டு, போலீசுக்கு ஹெல்மெட். துண்டின் மேல் உட்கார்ந்த ஹெல்மெட்டின் வார் தாடைவரை எட்டாது, அதனால் அதை ஒருநாளும் மாட்டியதில்லை. நம்பர் பிளேட்டே இல்லாத, மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கு இதுவே அதிகம் என்பது என் எண்ணம். அன்று காலை நான்தான் எங்கள் கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டுப் போனேன். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கொள்ளைப் பிரித்துத் தரும், இங்கே எல்லோரும் செய்வதுதான். மாலையில் திரும்பி வந்தவன் அதன் மேலேயே பிரேக் பிடித்தேன். சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட் என்னைவிட முன்னால் கழன்று போய்க் கொள்ளுக் குவியலில் மெத்தையில் படுப்பது போலப் படுத்துக்கொண்டது. என் தலை தாரில் போய் இறங்கியது. யானை ஹொகேனக்கல் காட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரத்னா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் உருமால் துண்டைக் கொடியிலிருந்து எடுத்தார், வீட்டம்மாவிடம் கத்தரிக்கோல் கேட்டார். ஏழு பஞ்சாயத்துகளில் தலைநிமிர்ந்த துண்டு அது. என் கண் முன்னால் இரண்டாக வெட்டினார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பாதியை மெல்லிய குல்லாயாகத் தைத்துக்கொண்டு வந்தார். கூடவே வீட்டம்மாவைக் கடைக்கு அனுப்பி, தலைக்கு இறுக்கமான ஒரு ஹெல்மெட் வாங்க வைத்திருந்தார். குல்லாயைப் போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டை வைத்து, தாடைக்குக் கீழே வாரை மாட்டினார். "டக்" என்றது. இரண்டு விரலை வாருக்கும் தாடைக்கும் நடுவே விட்டுப் பார்த்தார்.

"வேர்வைக்குக் குல்லா. தலைக்கு இது. அந்த டக்கு சத்தம் கேக்காம வண்டி நகரக் கூடாது. டாக்டர் ஓட்டலாம்னு சொன்னதுக்கப்புறம்," என்றார்.

என் கதை பொய் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நானே சொல்லும் வேலையிலிருந்து தப்பித்திருப்பேன்.

ஆனியில் ஒரு நாள் வந்தார். முகம் சரியில்லை. மடக்குங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே பேசினார்.

"ஏரியூர்ல புதுசா ஒருத்தரப் பாக்கறேன். ஏழுமலைன்னு பேரு. முப்பத்தஞ்சு வயசு. உங்கள மாதிரி வண்டிதான். ரோட்டுல மோதித் தலைல அடி. இடது கை தூக்க முடியல, பேச்சு இழுக்குது. ஹெல்மெட் வூட்டுல இருந்துச்சாம். ஏன் போடலன்னு கேட்டேன்."

நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"'பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு மாமா ஹெல்மெட் போட்டுத்தான் போனாராம், ஹெல்மெட்டோட சேந்து மண்டை பொளந்துச்சாம், அப்புறம் அது எதுக்கு'ன்னு சொல்றாருண்ணா."

பாப்பாரப்பட்டிக்கும் ஏரியூருக்கும் நடுவே எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனை வாயிலும் என் யானை நடந்து போயிருக்கிறது. நடக்க நடக்க வளர்ந்திருக்கிறது.

"காது குத்துல எல்லாச் சனமும் வரும்ல. அங்க ஒரு தடவ உள்ளதச் சொல்லிருங்கண்ணா. வேற ஒன்னும் வேணாம் எனக்கு," என்றார். பிறகு உட்கார்ந்தார். "மடக்குங்க."

ஆவணியில் என் கால் மடங்கியது. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குழந்தை மடியில் ஏறியது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அது என் மீசையைப் பிடித்து இழுத்து அழுத அழுகையில் முனியப்பன் சாமியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தியில் ரத்னாவும் இருந்தார். சாப்பாடு முடிந்து கூட்டம் என்னைச் சுற்றி உட்கார்ந்தது. "மாமா, அந்த யானைக் கதையச் சொல்லுங்க" என்றார்கள்.

நான் ரத்னாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது பேர், அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். யானை வந்தது. அன்றைக்கு அதற்கு நான்கு தந்தம்.

எல்லோரும் கலைந்த பிறகு ரத்னா வண்டியை எடுக்கப் போனார். நானும் கூடவே போனேன். மன்னிப்பு கேட்கவா, பாராட்டு வாங்கவா என்று எனக்கே தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டினார், டக் என்றது.

"காலு நல்லா மடங்குதுண்ணா. வாய்தான் இன்னும் மடங்கல. பரவால்ல, அதுக்கும் நாளாகும்," என்றார். கோபமே இல்லை. காலைப் பற்றிச் சொல்லும் அதே குரல்.

அதன் பிறகு அவர் ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று நினைத்தேன். நாள் இருக்கிறது என்றுதானே நினைப்போம்.

அவருடைய வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். மின்சார வண்டி ஓரமாக நின்றது, அதன் கண்ணாடியில் ஹெல்மெட். போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன், வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கைத்தடியோடு இருந்தார்கள். கொஞ்சம் நொண்டி, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் எல்லோரும் தங்கள் காலால் நடந்து வந்தவர்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. இதைக் கூட்டிச் சொல்ல எனக்கு வராது.

ஒரு ஓரத்தில் நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்த்தார். இடது கையை மடியில் வைத்திருந்தார்.

"நீங்க... தானுங்களா... அந்த யானை மாமா?" என்றார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"ஆமாங்க. நீங்க?"

"ஏரியூருங்க. ஏழுமலை."

உள்ளே அழுகைச் சத்தம் ஏறி இறங்கியது.

"தம்பி, யானை எதுவும் வரலீங்க," என்றேன்.

நான் துண்டிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய ஹெல்மெட், மாட்டாத வார், ரோட்டில் பரப்பிய கொள்ளு. "அது ஒடையவே இல்ல. எனக்கு முன்னாடி கழண்டு போயிருச்சு. ஒழுங்கா மாட்டியிருந்தா தலைக்கு இவ்வளவு ஆயிருக்காது. கால் மட்டுந்தான் போயிருக்கும்."

"யாருது... கொள்ளுங்க?"

"எங்களுதுதான். நானேதான் பரப்புனேன்."

அவருடைய வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு நின்ற பிறகு இடது கையை வலது கையால் எடுத்து மடியில் சரியாக வைத்தார்.

"உங்கமேல மட்டும் தப்பு இல்லீங்க மாமா. நானும் ஒரு சாக்குத்தான் தேடிட்டு இருந்தேன். ஆனா நீங்க... அத எனக்குக் குடுக்காம இருந்திருக்கலாம்."

"ஆமாங்க."

"அந்தம்மாகிட்ட அப்பவே கேட்டேன். அந்த மாமா நெசமாலும் எப்படி விழுந்தாருன்னு. 'அத அவரே வந்து சொல்லுவாரு'ன்னாங்க. மறுபடி மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு வருசமா... நீங்க வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தேங்க."

தோளில் கிடந்த துண்டால் நான் முகத்தை மூடிக்கொண்டேன். ரத்னா வெட்டியது போக மிச்சமிருந்த பாதி அது.

ஆகவே, ரத்னாவைத் தெரிந்தவர்களே, என் யானையை நம்பியவர்களே, இதை நீங்கள் போகிற இடமெல்லாம் சொல்லுங்கள். யானை போன வழியெல்லாம் இதுவும் போகட்டும். எந்த யானையும் வரவில்லை. ஹெல்மெட் உடையவில்லை. நான் அதை மாட்டவில்லை, தலையில் சும்மா வைத்திருந்தேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு துண்டுக் குல்லாய். வாருக்கும் தாடைக்கும் நடுவே விட்டுப் பார்க்க இரண்டு விரல். பிறகு கன்னடத்தில் ஒன்றிலிருந்து பத்துவரை. அதற்கு மேல் எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன். குதிகாலுக்குக் கீழே அந்தப் பாதித் துண்டைப் போட்டேன். வீட்டம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் ஏழோடு விட்ட இடத்திலிருந்து ரத்னாவின் கன்னடத்தில் சத்தமாக எண்ணினேன், ஒன்றையும் தாண்டாமல்.

எண்ட்டு.

ஒம்பத்து.

ஹத்து.